ஆலைக் கதவு திறக்கும் முன் எழுதிவைக்க வேண்டிய உடன்படிக்கை

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் ஆலை நிர்வாகத்தினர், தொழிற்சங்கத்தினர், ஒப்பந்ததாரர்கள், நிரந்தரத் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகிய அனைவருக்கும் ஒரு திறந்த மடல்



கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியாவில் நடந்த விவாதங்களுள் மிக நீண்டதும் மிகக் கசப்பானதும், மூடப்பட்டவற்றை எப்போது, எந்த வரிசையில், எந்த நிபந்தனையோடு திறப்பது என்பதைப் பற்றியதாகும். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு பலமுறை நீட்டிக்கப்பட்டு, சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு, 2021 கோடையில் இரண்டாம் அலையால் மாநிலங்கள்தோறும் மீண்டும் இறுக்கப்பட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31 உடன் விலக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. சட்டம் விலகிய நாளோடு விவாதமும் கைவிடப்பட்டதுதான் பெரும் இழப்பு. அடுத்த தொற்று எந்த ஆண்டில், எந்த உருவில் வரும் என்பதை எவராலும் கூற இயலாது. ஆனால் வரும்போது அதே கேள்வி அதே அவசரத்தோடு எழும் என்பதும், அவசர நேரத்தில் நியாயமான பதில் கிடைப்பது அரிது என்பதும் உறுதி. ஆகவே இம்மடல் ஒன்றை மட்டுமே முதன்மையாக வேண்டுகிறது: காய்ச்சல் கண்ட தொழிலாளி கூலியை இழக்காமல் வீட்டில் இருப்பதற்கு வழிசெய்யும் எழுத்துபூர்வமான உடன்படிக்கை ஒன்றைச் சேதராப்பட்டின் ஆலைகள் அமைதி நிலவும் இக்காலத்திலேயே செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்பான திறப்பு என்பதற்கு இதைவிட உறுதியான அடித்தளம் வேறில்லை என்பதே இம்மடலின் துணிபு.

இந்த வேண்டுகோள் வேறெங்கும் செல்லாமல் சேதராப்பட்டை நோக்கி வருவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, ஊசுடு ஏரிக்கு வடக்கே, வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த இவ்வூர் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டியே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தின் கிராமங்கள் இதன் அண்டை வீடுகள் போன்றவை. ஆலை புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் தொழிலாளியின் வீடு தமிழ்நாட்டிலும் இருப்பது இங்கே அன்றாட இயல்பு. 2020 ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், நகராட்சி, மாநகராட்சி எல்லைகளுக்கு வெளியே உள்ள ஊரகத் தொழிற்சாலைகளும், உள்ளே வருவோரைக் கட்டுப்படுத்த வசதியுள்ள தொழிற்பேட்டைகளும் ஏப்ரல் 20 முதல் இயங்கலாம் என்றும், இயன்றவரை தொழிலாளர்களை வளாகத்துக்குள்ளோ அருகிலோ தங்கவைக்க வேண்டும் என்றும் கூறியது. அதாவது நாட்டின் திறப்பு கடைத்தெருவிலோ பள்ளியிலோ தொடங்கவில்லை. சேதராப்பட்டைப் போன்ற இடங்களில்தான் தொடங்கியது. அதே நாள்களில் இரு அரசுகளும் எல்லைகளை மூடி, அனுமதிச் சீட்டு கேட்டன. ஆலையைத் திறக்க ஓர் ஆணையும், ஆலைக்குச் செல்லும் சாலையை அடைக்க மற்றோர் ஆணையும் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்த இந்த அனுபவம், திறப்பு என்பது ஆலை வாசலில் மட்டும் தீர்மானிக்கப்படும் செயல் அன்று என்பதை முதல் மாதத்திலேயே உணர்த்தியது.

உலகெங்கும் நடந்த விவாதம் உயிரா, வாழ்வாதாரமா என்ற இருமையாகச் சுருங்கியது. 2020 அக்டோபரில் வெளியான இரண்டு பொது அறிக்கைகள் அதன் இரு முனைகளையும் காட்டுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் கிரேட் பாரிங்டன் பிரகடனம் எனப்பட்டதில், மார்ட்டின் குல்டார்ஃப், ஜெய் பட்டாச்சார்யா, கொல்கத்தாவில் பிறந்த சுநேத்ரா குப்தா ஆகிய மூன்று அறிஞர்கள், முதியோரையும் நோயுற்றோரையும் தனியே காத்துக்கொண்டு மற்றவர்களை இயல்பு வாழ்க்கைக்குத் திருப்ப வேண்டும் என வாதிட்டனர். இதை அவர்கள் குறிவைத்த பாதுகாப்பு என்றனர். அதற்கு மறுப்பாக லான்செட் மருத்துவ இதழில் அதே மாதம் வெளியான ஜான் ஸ்நோ குறிப்பாணை, பரவலைக் கட்டுப்படுத்தாமல் ஒரு பிரிவினரை மட்டும் காப்பது நடவாத காரியம் என்றது. 1854இல் இலண்டனில் காலரா ஒரு தெருக்குழாயின் நீரால் பரவியதை நிறுவிய மருத்துவரின் பெயரை அது தாங்கியிருந்தது. இரு தரப்பிலும் நேர்மையான கவலை இருந்தது. ஊரடங்கு ஏழையின் அடுப்பை அணைத்தது என்ற முதல் தரப்பின் கூற்றை, 2020 மே 8 அன்று ஔரங்காபாத் அருகே ஊர் திரும்பும் வழியில் தண்டவாளத்தில் உறங்கி, சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்த 16 புலம்பெயர் தொழிலாளர்களின் முடிவு மெய்ப்பிக்கிறது. முதியோரைத் தனியே பிரித்துக் காக்க முடியாது என்ற இரண்டாம் தரப்பின் கூற்றை, பாட்டியும் பேரனும் ஒரே அறையில் படுத்துறங்கும் நம் ஊரின் எந்த வீடும் மெய்ப்பிக்கும்.

ஆனால் இரு தரப்பாரும் போதிய அளவு பேசாத ஒன்று உண்டு. ஒரு நாட்டில் கட்டுப்பாடு நீடித்தாலும் தளர்ந்தாலும், நோய்த்தொற்று உள்ள ஒருவர் அந்த நாளில் எங்கே இருக்கிறார் என்பதே பரவலைத் தீர்மானிக்கிறது. அவர் வீட்டில் இருந்தால் திறந்த ஆலையும் ஓரளவு பாதுகாப்பானது. அவர் வேலைக்கு வந்துவிட்டால் பாதி மூடிய ஆலையும் ஆபத்தானது. அவர் எங்கே இருப்பார் என்பதை விழிப்புணர்வுச் சுவரொட்டி தீர்மானிப்பதில்லை. அன்றைய கூலி தீர்மானிக்கிறது.

புதுச்சேரியில் நடந்த பொது விவாதம் இந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. 2020 மே மாதத்தில் இங்கே மிகுந்த பரபரப்போடு பேசப்பட்டது மதுக்கடைகளின் திறப்பாகும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மே 7 அன்று திறக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் மூடப்பட்டு, உச்சநீதிமன்றத்தின் தடையாணைக்குப் பின் மே 16 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. புதுச்சேரியில் முதலமைச்சர் வி. நாராயணசாமியின் அரசுக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே நீண்ட கருத்து வேறுபாட்டுக்குப் பின், தமிழ்நாட்டு விலைக்கு இணையாக இருக்கும்படி சிறப்பு கோவிட் வரி விதிக்கப்பட்டு, மே 25 அன்று கடைகள் திறந்தன. விலை குறைவாக இருந்தால் அண்டை மாவட்டத்து மக்கள் எல்லை தாண்டித் திரள்வார்கள் என்ற அச்சம் காரணமற்றது அன்று; அரசின் வருவாய் முடங்கியிருந்ததும் உண்மை. எனினும் அந்த ஒரு பொருளுக்கு ஆளுநர் மாளிகையும் அமைச்சரவையும் நீதிமன்றங்களும் ஒதுக்கிய நேரத்தில் ஒரு சிறு பகுதியேனும், நிறுவனப் பேருந்தில் எத்தனை பேர் அமரலாம், நோயுற்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். எல்லை தாண்டி மதுவுக்காக வருபவரைப் பற்றி எழுந்த அக்கறை, எல்லை தாண்டி உழைப்பதற்காக நாள்தோறும் வருபவரைப் பற்றி எழவில்லை.

நோயின் இயல்பைத் தெளிவாக அறிந்துகொண்டால்தான் உடன்படிக்கையின் தேவை விளங்கும். முதலில், கொரோனா கிருமி உடலில் புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும் வரையுள்ள இடைக்காலம் நோயரும்பு காலம் எனப்படும். தொடக்கக் கால வகையில் அது பெரும்பாலும் ஐந்து நாள் அளவிலும், சிலருக்குப் பதினான்கு நாள் வரையிலும் இருந்தது. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பே ஒருவரால் நோயைப் பரப்ப முடியும் என்பதால், வாயிற்காவலர் நெற்றிக்கு நேரே காட்டிய வெப்பமானி மிகப் பெரும் ஆறுதலையும் மிகச் சிறிய பாதுகாப்பையுமே அளித்தது. காய்ச்சல் உள்ளவரையே அது காட்டிக் கொடுக்கும். அவரும் காலையில் ஒரு பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வந்தால் அதுவும் இல்லை. இரண்டாவதாக, பேசும்போதும் இருமும்போதும் மூச்சு விடும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் மூடிய இடத்தின் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கூட்டாக இதை வலியுறுத்திய பின்னரும், உலக சுகாதார நிறுவனம் அதை முழுமையாகத் தன் விளக்கங்களில் ஏற்க 2021 ஆனது. இதற்கிடையில் ஆலைகள் கதவுப் பிடிகளையும் மேசைகளையும் கிருமிநாசினியால் துடைப்பதில் செலவிட்ட உழைப்பும் பணமும், கூரையில் ஒரு காற்றுவெளியேற்றி விசிறி பொருத்துவதில் செலவாகியிருந்தால் பயன் கூடியிருக்கும். மூன்றாவதாக, நூறு பேருக்குப் பரிசோதனை செய்தால் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்ற விழுக்காடு, பரவல் கட்டுக்குள் இருக்கிறதா என்பதைக் காட்டும் அளவுகோல். அது இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து ஐந்துக்குக் கீழே இருப்பது திறப்புக்கு ஏற்ற நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கருத்துரைத்தது.

இந்த அளவுகோல்களோடு புதுச்சேரியின் 2020ஐத் திரும்பிப் பார்த்தால் ஒரு கடுமையான உண்மை தெரிகிறது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் குருதியில் எதிர்ப்புப் பொருள் உள்ளதா எனக் கண்டறியும் ஆய்வை மூன்று முறை நடத்தினர். அத்தகைய ஆய்வு, நோய் வந்ததே தெரியாமல் வந்து போனவர்களையும் கணக்கில் கொண்டுவரும். ஆகஸ்டில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு இருந்த அந்த அடையாளம், செப்டம்பரில் ஐந்தில் ஒருவருக்கும், அக்டோபரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கும் காணப்பட்டது. ஊரடங்கு கடுமையாக இருந்த மார்ச் முதல் மே வரை புதுச்சேரியில் நோயாளிகள் மிகச் சிலரே; தளர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாதங்களிலேயே தொற்று ஊருக்குள் பரவிப் பாய்ந்தது. இதனால் தளர்வே தவறு என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் பிழையானது; எந்தச் சமூகமும் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்க இயலாது. மூடியிருந்த இரண்டு மாதங்கள், திறந்த பின் எப்படி நடந்துகொள்வது என்பதற்கான ஏற்பாட்டுக் காலமாகப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். மூடுதல் காலத்தை விலைக்கு வாங்கித் தந்தது. அந்தக் காலத்தைக் கொண்டு எதுவும் கட்டப்படவில்லை.

ஆலைத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாளைப் பகுத்துப் பார்த்தால், ஆபத்து எங்கே இருந்தது என்பது புலப்படும். எந்திரத்தின் முன் நிற்கும் எட்டு மணி நேரத்தில் பெரும்பாலான ஆலைகளில் ஆள்களுக்கு இடையே இடைவெளி உண்டு, கூரை உயரமானது, உருள்கதவு திறந்திருந்தால் காற்று ஓடும், இரைச்சலில் பேச்சும் குறைவு. ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் இருக்கிறது. காலைப் பணிக்காக விடியுமுன் புறப்படும் நிறுவன வண்டியில், பனிக்கும் மழைக்கும் அஞ்சிக் கண்ணாடி ஏற்றப்பட்ட நிலையில், தோளோடு தோள் உரச முக்கால் மணி நேரப் பயணம். ஷிப்ட் மாறும் வேளையில் உள்ளே வருவோரும் வெளியே போவோரும் ஒரே குறுகிய வாயிலில், ஒரே வருகைப் பதிவுக் கருவியின் முன், ஒரே நேரத்தில் நெருக்கியடிக்கும் பத்து நிமிடம். பின்னர் உணவு இடைவேளை: தகரக் கூரையிட்ட சாப்பாட்டு அறை, இருபுறமும் பெஞ்சு போட்ட நீண்ட மேசை, எதிரெதிரே திறக்கப்படும் டிபன் பாக்ஸ்கள், வீட்டுக் குழம்பைப் பகிர்ந்துகொள்ளும் கைகள், உண்பதற்காகக் கழற்றப்பட்ட முகக்கவசங்கள், இரைச்சல் ஓய்ந்ததால் அந்த நாளில் முதன்முறையாக வாய்விட்டுப் பேசும் இருபது பேர். இறுதியாக, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் ஒப்பந்ததாரர் பிடித்துக் கொடுத்த அறை, பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் ஆள் படுக்கும் அறை. முகக்கவசம், இரண்டு கெஜ இடைவெளி, கை கழுவுதல் ஆகிய விதிகள் அனைத்தும் எந்திரத்தின் முன் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தன.

இந்தப் பாதை முழுவதையும் கணக்கில் கொள்ளாத இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு இரு சான்றுகள் போதும். சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தவுடன், அதற்கு முந்தைய நாள் மக்கள் கடைகளில் திரண்டனர். அதே காலத்தில் கோயம்பேடு சந்தை பெரும் தொற்று மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. அங்கே வேலை செய்த சுமைதூக்குவோரும் ஓட்டுநர்களும் கூலி நின்றவுடன் சொந்த ஊர் திரும்ப, விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை சில நாள்களிலேயே பன்மடங்கு ஏறியது. புதுச்சேரியைச் சூழ்ந்திருப்பவை அம்மாவட்டங்களுள் முதல் இரண்டே. சந்தை திறந்திருந்தது ஒரு பிழை என்றால், அங்கே உழைத்தவர்களுக்குத் தங்க இடமும் உணவும் உறுதி செய்யாமல் அதை மூடியது மற்றொரு பிழை. சிங்கப்பூரின் சான்று இன்னும் தெளிவானது. மருத்துவத்திலும் நிர்வாகத்திலும் உலகுக்கே முன்மாதிரியாகக் கருதப்பட்ட அந்நகரம், தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் உட்பட மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கவனிக்கத் தவறியது. ஓர் அறையில் பலர், பொதுவான குளியலறை, பொதுவான சமையற்கூடம் என்ற அந்த விடுதிகளில் வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அந்நாட்டு அரசே 2020 டிசம்பரில் அறிவித்தது. செல்வமும் ஒழுங்கும் நிறைந்த ஊரிலும், தொழிலாளி உறங்கும் அறை கணக்கில் வராதபோது நோய் அங்கேதான் குடியேறியது.

இனி கூலி பற்றிய செய்தி. 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம், ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் வழங்க வேண்டும் என ஆணையிட்டது. தொழில் நிறுவனங்கள் உச்சநீதிமன்றத்தை அணுகின. அமைச்சகமும் மே 18 முதல் அந்த ஆணையை விலக்கிக்கொண்டது. ஜூன் 12 அன்று நீதிமன்றம், நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றும், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. வேலையின்றி, ஊதியமின்றி, ஓடாத எந்திரத்தின் முன் அமர்ந்து சமநிலையில் பேசும் வலிமை எந்தத் தொழிலாளிக்கும் இருந்திருக்காது. நெருக்கடிக்குப் பின் பேசித் தீர்ப்பதைவிட நெருக்கடிக்கு முன் பேசி எழுதுவதே நியாயம் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்புறுதி இருக்கிறதே என்ற வினா எழலாம். பெருந்தொற்றுக் காலத்தில் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் அச்சட்டம், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, நோயுற்ற காலத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்கள் வரை வழங்க வகைசெய்தது. கோவிட்டால் இறந்த காப்புறுதியாளரின் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கும் தனித்திட்டமும் 2021இல் வந்தது. இவை மதிக்கத்தக்க பாதுகாப்புகள். ஆயினும் இந்த வேலியில் மூன்று இடைவெளிகள் இருந்தன. நோயின் முதல் இரண்டு நாள்களுக்குப் பொதுவாகப் பணப்பயன் கிடைக்கவில்லை. தொற்று மிகுதியாகப் பரவுவது அந்தத் தொடக்க நாள்களில்தான். நோயாளியோடு பழகியவர் என்பதற்காகத் தனிமையில் இருக்க வேண்டியவர் இன்னும் நோயாளி ஆகாததால், மருத்துவம் தேவைப்படும் உடல்நிலை என்ற சட்டத்தின் விளக்கத்துக்குள் அவர் பொருந்தவில்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களாவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்று இருந்ததால், அடிக்கடி ஒப்பந்தம் மாறும் தொழிலாளி வெளியே நின்றார். இந்த மூன்று இடைவெளிகளை அடைப்பதே இம்மடல் கோரும் உடன்படிக்கையின் முதற்பணி.

சிறு ஆலைகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. சேதராப்பட்டில் இருப்பவற்றுள் பல, வங்கிக் கடனையும் மின்கட்டணத்தையும் சமாளிப்பதே போராட்டமாகக் கொண்ட சிறு, குறு நிறுவனங்கள். ஆகவே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறும் ஒருவரை ஏழு நாள் ஊதியத்தோடு வீட்டில் இருத்தினால் ஆலைக்கு ஆகும் செலவு 3,500 ரூபாய். அதே நபர் வேலைக்கு வந்து, அவரோடு உண்டு பயணித்த பத்துப் பேர் படுத்து, நாற்பது பேர் கொண்ட ஒரு ஷிப்ட் ஒரு வாரம் நின்றுபோனால், ஓடாத எந்திரமும் தவறிய ஒப்பந்தத் தேதியும் எத்தனை மடங்கு இழப்பைத் தரும் என்பதை ஒவ்வோர் உரிமையாளரும் தம் கணக்கேட்டைக் கொண்டே அறியலாம். பொய்க் காய்ச்சல் சொல்லி விடுப்பு எடுப்பார்களே என்பது அடுத்த மறுப்பு. சிலர் அப்படிச் செய்யக்கூடும். அந்த இழப்பு, உண்மையான காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவரால் நேரும் இழப்பை விடச் சிறியது. மேலும், தனியொரு சிறு ஆலை தாங்க முடியாததைப் பல ஆலைகள் சேர்ந்த பொது நிதி தாங்கும். தொழிற்பேட்டையை நிர்வகிக்கும் பிப்டிக் நிறுவனமும் தொழில்முனைவோரும் கூடி, ஆள்கணக்கின்படி மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கும் ஏற்பாடு செய்ய எந்தத் தடையும் இல்லை.

தொழிலாளர்கள் குரல் கொடுத்தால் உற்பத்தி கெடும் என்ற அச்சத்துக்கும் அண்மை வரலாறு விடை தருகிறது. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நடப்பில் இருந்தும் ஊர்தி ஆலைகள் இயங்க அனுமதிக்கப்பட்டன. சென்னையை அடுத்த ஆலைகளில் தொழிலாளர்கள் பாதுகாப்புக் கோரி உள்ளிருப்புப் போராட்டமும் வேலைமறுப்பும் மேற்கொண்ட பின் ஹூண்டாய், ரெனோ-நிசான் ஆலைகள் சில நாள்கள் நிறுத்தப்பட்டன. ரெனோ-நிசான் தொழிற்சங்கத்தின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நகரும் ஊர்தி வரிசையில் இடையிடையே ஒரு காலி இடம் விட்டால் ஆள்களுக்கிடையே இடைவெளி கிடைக்கும் என்ற யோசனை அங்கே பேசப்பட்டது. எந்திரத்தின் அருகே நிற்பவருக்கே இத்தகைய நுட்பம் தோன்றும். எந்த மருத்துவக் குழுவும் அமைச்சகமும் எழுத முடியாத விதிகளைத் தொழிலாளர்களால் எழுத முடியும் என்பதையும், அவர்களைக் கேட்காமல் திறந்த ஆலையை அவர்களே நிறுத்தவும் நேரும் என்பதையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டியது.

கட்டாயத்துக்கும் இசைவுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே கருதத்தக்கது. 2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு 1973ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2022 மே 2 அன்று உச்சநீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில், எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி செலுத்த இயலாது என்றும், ஆனால் பொதுநலன் கருதி அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் தேவைக்கு ஏற்ற அளவில் இருந்தால் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. தேவைக்கு ஏற்ற அளவு என்ற இந்த நெறி, ஆலைக்கும் பொருந்தும். ஊசி போடாதவரை வாசலில் நிறுத்துவதைவிட, ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால் ஊதியத்தோடு விடுப்பு உண்டு என்று அறிவிப்பதே அதிகம் பேரை ஊசி முகாமுக்கு அழைத்து வரும்.

திறப்பின் ஆபத்து கிருமியோடு முடிவதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில், ஊரடங்கின்போது வாரக்கணக்கில் தொட்டியில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருள் வெப்பமேறி ஆவியாகிக் கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த அண்டை ஊர் மக்களுள் 12 பேரைப் பலிகொண்டது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரண்டு நாள் கழித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மூடிய ஆலைகளைத் திறக்கும்போது முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகவே கருத வேண்டும், உடனே உயர்ந்த உற்பத்தி இலக்கு வைக்கக் கூடாது என்று வழிகாட்டியது. ஆலை மதிலுக்கு வெளியே குடியிருப்புகள் உள்ள சேதராப்பட்டுக்கு இந்த வழிகாட்டுதல் ஆண்டு முழுவதும் பொருந்தும்.

ஆகவே, உடன்படிக்கையில் இடம்பெற வேண்டியவை பின்வருமாறு அமையலாம். முதலாவதாக, தொற்றுக்காலம் என்று சுகாதாரத் துறை அறிவித்த நாள்களில் காய்ச்சல், இருமல் கண்டவருக்கும், நோயாளியோடு பழகியதால் தனிமைப்படுத்தப்பட்டவருக்கும், இ.எஸ்.ஐ. வழங்காத நாள்களுக்கான ஊதியத்தைப் பொது நிதி வழங்க வேண்டும். இதில் நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி என்ற வேறுபாடு இருக்கலாகாது. இரண்டாவதாக, ஷிப்டுகளுக்கு இடையே ஒரு மணி நேர இடைவெளி, தவணை முறையில் உணவு இடைவேளை, திறந்தவெளிப் பந்தலில் சாப்பாடு, கண்ணாடி இறக்கப்பட்ட வண்டி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஒப்பந்ததாரர் வாடகைக்கு எடுக்கும் அறைகளில் எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பை ஆலையே உறுதி செய்ய வேண்டும்; எல்லை மூடப்பட்டால் வானூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வருவோரின் பணியும் கூலியும் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்க வேண்டும். நான்காவதாக, ஒவ்வோர் ஆலையிலும் பெண் தொழிலாளர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உள்ளடக்கிய குழு ஒன்று, திறப்பின் முதல் வாரத்தில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் உரிமையோடு இயங்க வேண்டும்.

பெண் தொழிலாளர்களைக் குறிப்பிட்டுக் கூறுவதற்குக் காரணம் பள்ளிகள். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று முதலில் சிறு குழந்தைகளின் பள்ளிகளையே திறந்தது. தமிழ்நாட்டிலோ ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆலை முதலிலும் பள்ளி கடைசியிலும் திறந்த அந்தப் பத்தொன்பது மாதங்களில், குழந்தையைத் தனியே விட்டு வேலைக்கு வருவதா, வேலையை விடுவதா என்ற தேர்வு தாய்மாரின் தலையிலேயே விழுந்தது. திறப்பின் வரிசையை வகுப்பது அரசின் கையில் இருக்கலாம். அந்த வரிசை தவறானால் அதன் சுமையைப் பகிர்வது ஆலையின் கையில் இருக்கிறது.

நிர்வாகத்தினர் இந்த வேண்டுகோளைத் தம் அடுத்த கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கத்தினர் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். ஒப்பந்ததாரர்கள் தம்மிடம் உள்ள பெயர்ப் பட்டியலை முழுமையாக முன்வைக்க வேண்டும். தொழிலாளர்கள் தம் பயணம், உணவு, உறைவிடம் பற்றிய உண்மையைத் தயங்காமல் கூற வேண்டும். கட்டுப்பாடு வேண்டும் என்போரும் தளர்வு வேண்டும் என்போரும் ஒருங்கே ஏற்கக்கூடிய ஒரே ஏற்பாடு, நோயுற்றவர் பசியின்றி ஓய்வெடுக்கும் ஏற்பாடு. அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, இரு தரப்பின் கையொப்பம் போதும். அக்கையொப்பத்தை முதலில் இடும் பெருமை சேதராப்பட்டுக்கே உரியதாகட்டும்.

இங்ஙனம்,
சேதராப்பட்டின் உழைப்பையும் உழைப்போரையும் மதிக்கும் எழுத்தாளர்